நாற்பத்திரண்டாவது தடம்

கர்லூ கிணறு
6 பிப்ரவரி 1991, புதன்

ஜாய்லீன்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை தபால் விமானத்தில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கனமான உறை வந்தது. நான்தான் ஊர் மன்றக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பிரித்துப் படித்தேன். மானியம் கிடைத்துவிட்டது, நானும் உன் அத்தானும் மருந்து கொடுக்கிற இந்தத் தகரக் கொட்டகைக்குப் பதில் நமக்கு நிஜமான சுகாதார நிலையம் வரப்போகிறது என்றதும் வாயே திறக்காத கிழவர்கள்கூடக் கை தட்டினார்கள். தலைவர் பெர்சி தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். நாய்கள் பயந்து ஓடின. அப்புறம் உறைக்குள் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை மணலில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தோம்.

பெண்கள் பக்கம் முதலில் பேச்சு நின்றது. பிறகு ஆண்கள் பக்கம். உன் அத்தான் கிளிஃபோர்ட் கூட்டத்தில் இருந்ததால் என் அம்மா வழக்கம்போல் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் கைச்சாடையில் சொன்னேன்: கதவு ஒன்று. அம்மா திரும்பத் திரும்ப அதே விரலைக் காட்டிக் கேட்டாள். ஒன்றுதானா? ஆமாம் அம்மா, ஒன்றுதான்.

போன வருஷம் நீ இங்கே வந்து மூன்று நாள் தங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே உட்கார்ந்து மணலில் வரைந்தது. கிழக்கே பெண்கள் வாசல், மேற்கே ஆண்கள் வாசல், நடுவில் கூரை வரை முழுச் சுவர். அதைப் பார்த்து விண்ணப்பத்துக்காகக் காகிதத்தில் வரைந்தது நீ. உன் கையால் வரைந்தாய். பெர்சி பக்கத்தில் நின்று கோடு கோணல் என்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அந்த மேற்கு வாசல் எங்கே போனது? யார் அழித்தது?

ஏப்ரல் முப்பதுக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். போடாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடுமாம். பதிலைக் கடிதத்தில் எழுது. வயர்லெஸ்ஸில் கூப்பிடாதே. பாலைவனம் முழுக்கக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நோரீன்


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
12 பிப்ரவரி 1991

அன்புள்ள அக்கா,

நான்தான் அழித்தேன்.

வேறு யார் மேலாவது பழியைப் போட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் துறை அதிகாரி ஹார்ட்லி என்னைக் கூப்பிட்டார். சின்ன ஊர்களுக்கு என்று ஒரே மாதிரிக் கட்டடம் வைத்திருக்கிறார்களாம். ஒரு வாசல், ஒரு காத்திருப்பு அறை, ஒரு கழிப்பறை. நாம் கேட்டதில் எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தது. "அறுபது வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு வாசல்? இத அப்படியே அனுப்புனா மேல இருக்கறவங்க ஆடம்பரம்னு எழுதித் தூக்கிப் போட்டுருவாங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அக்கா. நமக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் சொன்னார்.

உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. அன்றைக்குச் சாயங்காலம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். ரெண்டாவது கதவு கட்டாயம் வேணுமாக்கா, வேணும்னா காரணத்த ஒரு வரியில சொல்லு, அப்படியே எழுதிடறேன் என்று கேட்டேன். நீ ரொம்ப நேரம் பேசவே இல்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. கடைசியில் "உன் இஷ்டம், ஓவர்" என்றாய். என் இஷ்டம் என்றால் நான் என்ன செய்வேன்? அழிரப்பரை எடுத்தேன்.

நம் வழக்கம் எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். மாமியாரும் மருமகனும் ஒரு கூரையின் கீழ் நிற்கமாட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள் என்று தெரியாமல் நான் அந்த மண்ணில் பிறக்கவில்லை. இத்தனை காலம் சமாளித்ததுபோல் இனியும் சமாளிப்பீர்கள் என்று நினைத்தேன். யாராவது தூரத்திலிருந்து குரல் கொடுத்தால் உள்ளே இருக்கிறவர் வெளியே போய்விடுவார். அப்படித்தானே நடக்கிறது?

தயவுசெய்து கையெழுத்துப் போடு, அக்கா. ஆறு வருஷமாக அலைந்து கிடைத்தது இது. ஒரு வாசலானாலும் அது நிஜமான வாசல். தகரக் கொட்டகை இல்லை.

உன் ஜாய்லீன்


கர்லூ கிணறு
20 பிப்ரவரி 1991

ஜாய்லீன்,

கையெழுத்துப் போடமாட்டோம். பெர்சியும் அதையே சொல்லச் சொன்னார்.

வயர்லெஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டபோது கிளிஃபோர்ட் எனக்கு இரண்டு முழம் தள்ளி மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பதினாறு பண்ணை, ஒன்பது ஊர், எல்லாரும் சாயங்கால வயர்லெஸ்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு யார் வீட்டில் என்ன என்று கேட்கிற நேரம். என் புருஷன் உள்ளே இருப்பதால் என் அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள் என்று அத்தனை பேர் காதிலும் விழ நான் சொல்லவேண்டுமா? என் அம்மாவையும் என் புருஷனையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, அதுவும் அவன் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது? நாக்கு எழவில்லை. நீ டவுனுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வெட்கம் என்றால் என்ன என்று மறந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

சமாளிக்கிறோமே என்கிறாய். எப்படிச் சமாளிக்கிறோம் என்று சொல்கிறேன், கேள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். மாடு பிடிக்கிறவன் ஒருவன் கொம்பு குத்தித் தோள் கிழிந்து வந்தான். கிளிஃபோர்ட் இரண்டு கையாலும் ரத்தத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பறக்கும் டாக்டர் விமானம் வர ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை அவன் கையை எடுக்க முடியாது. அம்மா அன்றைக்குத்தான் காலில் புண்ணைக் காட்ட வந்திருக்கிறாள். சர்க்கரை வியாதிக்காரி, உனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இருமியிருக்கிறாள், தகரத்தில் கல் எறிந்திருக்கிறாள். உள்ளே அந்தப் பையன் போட்ட கத்தலில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. உச்சி வெயில் சாயும்வரை இருந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவளே சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

கிளிஃபோர்டை வேலையிலிருந்து நிறுத்தினால் தீர்ந்ததே என்று உங்கள் ஹார்ட்லி சொல்லக்கூடும். இந்த ஊரில் ஆண்களுக்கு மருந்து கொடுக்க அவன் ஒருவன்தான். பெண் பிள்ளை என்னிடம் எந்த ஆண் தன் உபாதையைச் சொல்வான்? பெர்சிக்கு மூல வியாதி என்று நானே போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். இதை நான் எழுதியதாக யாரிடமும் சொல்லிவிடாதே.

நீ அழித்த கதவை நீயே திரும்ப வரை.

நோரீன்


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
26 பிப்ரவரி 1991

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மீதியைப் படித்தேன். பெரியம்மா தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கல் எறிந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் உனக்குக் கோபம்தான் வரும். எழுதவில்லை.

நேற்று ஹார்ட்லியிடம் பேசினேன். யார் பெயரையும் சொல்லவில்லை, வழக்கத்தை மட்டும் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு திரை தொங்கவிட்டாப் போதாதாங்க?" என்றார். அது போதாது என்றேன். பிறகு அவரே, "சரி, எத்தன பேர் இப்படித் திரும்பிப் போறாங்க? கணக்கு இருக்கா? எழுத்துல ஒண்ணுமில்லாம நான் மேல போய் என்னன்னு பேசறது?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வந்தவர்களின் கணக்கு உங்கள் நோட்டில் இருக்கிறது. வராதவர்களின் கணக்கு எங்கே இருக்கும்? உள்ளே நுழையாமல் திரும்பியவரை யார் பார்த்தது? ஆனால் இவர்களுக்கு எழுதி வைக்காதது நடக்காதது.

ஒரு மாதம் கணக்கு எடுத்துத் தர முடியுமா, அக்கா? பெயர் வேண்டாம். யார் யாருக்குப் பயந்து போனார் என்று வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். அதை வைத்துக்கொண்டு நான் அவர் மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருக்கமாட்டேன்.

ஜாய்லீன்


கர்லூ கிணறு
27 மார்ச் 1991

ஜாய்லீன்,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் அம்மா வந்திருப்பாள். நேற்றுப் பறக்கும் டாக்டர் விமானத்தில் ஏற்றிவிட்டேன். என்ன நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறாய். மண் பார்த்ததடி. டவுனில் தார் ரோட்டில் நடந்து நடந்து உனக்கு மறந்துவிட்டது. இங்கே கைக்குழந்தையைத் தவிர எல்லார் காலடியும் எல்லாருக்கும் தெரியும். முகத்தை மறைக்கலாம், தடத்தை மறைக்க முடியாது.

அன்றையிலிருந்து காலையிலும் மத்தியானமும் ஒரு மரக்கிளையை ஒடித்துக் கொட்டகையைச் சுற்றி இருபது அடிக்கு மண்ணைக் கூட்டிவிடுவேன். அடுத்த முறை கூட்டுவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். கதவு வரை வந்து உள்ளே போன தடம் ஒரு வகை. பாதியில் நின்று, காலை மாற்றி மாற்றி வைத்து, ஓரமாக உட்கார்ந்து, வந்த வழியே போன தடம் இன்னொரு வகை. இரண்டாவதற்குத்தான் நோட்டில் ஒரு கோடு. நாலு வாரத்தில் நாற்பத்தொன்று. அதில் ஆறு பெர்சியுடையது. அவருடைய மாமியார் தினமும் ரத்த அழுத்தம் பார்க்க வந்து, பார்த்து முடித்தும் போகாமல் வம்பளந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். தலைவராக இருந்து என்ன, கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

இனிமேல் எழுதுவது கஷ்டம்.

நாற்பத்தொன்றில் ஒன்பது அம்மாவுடையது. முதல் வாரத்தில் தடம் சரியாக இருந்தது. இரண்டாவது வாரம் இடது பாதம் லேசாக இழுபட்டது. மூன்றாவது வாரம் இடது காலின் கட்டை விரல் மண்ணில் பதியவில்லை. நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்தேன் தெரியுமா? நோட்டில் கோடு போட்டேன். எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு உனக்கு அனுப்பவேண்டும் என்று அதே புத்தியாக இருந்தேன். சாயங்காலம் அம்மாவிடம் போய் காலைக் காட்டு என்றால், "ஒண்ணுமில்லடி, முள்ளு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். நானும் களைப்பில் விட்டுவிடுவேன்.

திங்கட்கிழமை காலையில் கிளிஃபோர்ட்தான் முதலில் பார்த்தான். தொட்டிப் பக்கம் நின்றவன் அசையவே இல்லை. மாமியார் பெயரை அவன் வாயால் சொல்லக்கூடாது, நேரில் கேட்கவும் கூடாது. என்னிடம் வந்து, "நோரீன், ஒருத்தங்க கால் அழுகிட்டிருக்கு. இப்பவே போ" என்றான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். போர்வையைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று விரல் கறுத்திருந்தது.

மறுநாள் விமானம் போனதும் கிளிஃபோர்ட் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "நான் இருக்கறதாலதான வரல" என்றான். சாவியை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே திணித்தேன். அவன் போய்விட்டால் இந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் அம்மா நிலைமையில் இருப்பார்கள். ஒருவர் போனால் தீர்கிற விஷயமில்லை இது. சுவரும் கதவும் வேண்டும்.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்.

நோரீன்


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
9 ஏப்ரல் 1991

அக்கா,

ஹார்ட்லி இந்தக் கடிதத்தோடு அதே விமானத்தில் வருகிறார். அவர் பெட்டியை இறக்குவதற்குள் இதைப் படித்துவிடு.

முதலில் பெரியம்மா. வயர்லெஸ்ஸில் நான் சொன்னதுதான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் நன்றாக ஆறுகிறது. இப்போது என் அறையில், என் கட்டிலில் இருக்கிறாள். நான் கீழே படுக்கிறேன். சன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரியாத கார்களையெல்லாம் திட்டுகிறாள். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தினமும் சுத்தமான அறையில் கட்டுப் பிரித்துப் பார்க்கவேண்டும், அடுத்த காலுக்கும் பரவாமல் கவனிக்கவேண்டும், அப்படி ஓர் இடம் ஊரில் இருந்து அங்கே இவள் தினமும் போவாள் என்றால்தான் அனுப்புவேன். பெரியம்மா உடனே என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. இரண்டாவது கதவு வராமல் அவள் ஊருக்குத் திரும்ப முடியாது. நான் அழித்த கோட்டின் இந்தப் பக்கம், என் கட்டிலிலேயே, அவளைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "பெரியம்மா, உயிர் போற விஷயம். ஒரு தடவ உள்ள போயிருக்கக் கூடாதா? அத்தான் கண்ண மூடிக்கிட்டிருப்பார்ல?" என்றேன். அதற்கு அவள், "நல்ல மருமகன்டி அவன். மரியாத இருக்கப் போய்த்தான் அவன் மூஞ்சிய நான் பாக்கறதில்ல. கால் போயிருச்சு, சரி. மரியாதையும் போகணுமா?" என்றாள்.

நோட்டை ஹார்ட்லியிடம் காட்டினேன். கோடுகளை எண்ணிப் பார்த்தார். மண்ணில் இருக்கிற காலடியை ஆதாரம் என்று மேலே எப்படி எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். சொன்னபடி நான் எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது, அப்போதும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "சரி, நானே வந்து பாக்கறேன்" என்றார். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அடுத்த விமானம் அடுத்த வியாழக்கிழமைதான் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. பணம் ஒரு டாலர்கூடக் கூடாது என்கிறார். இரண்டாவது வாசல், கழிப்பறை, சுவர் எல்லாம் வேண்டுமென்றால் அதே பணத்துக்குள் வேறு எதையாவது விட்டுத்தர வேண்டும். எதை என்று ஊர்தான் சொல்லவேண்டும். இந்த முறை நான் எதையும் அழிக்கமாட்டேன்.

ஜாய்லீன்


கர்லூ கிணறு
17 ஏப்ரல் 1991

அடி ஜாய்லீன்,

இதை ஹார்ட்லி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். வழியில் பிரித்துப் படித்தாரா என்று தெரியவேண்டுமானால் அவர் காதைப் பார். சிவந்திருந்தால் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

வந்த அன்றைக்கு மனிதர் நோட்டும் பேனாவுமாக நடந்தார். கதவை அளந்தார், கொட்டகையை அளந்தார். நான் மண்ணைக் கூட்டுவதைப் பார்த்துவிட்டு, "இதுல ஆளு யாருன்னு நிஜமாவே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். நம்பவில்லை. நம்பாததை மறைக்கவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெர்சி அவரைக் கூப்பிட்டு கங்காரு வால் சுட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல கொழுப்பான வால். இவர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மேலே தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறார். திங்கட்கிழமை மத்தியானம் வயிறு பிடித்துக்கொண்டது. கழிப்பறை எங்கே இருக்கிறது? கொட்டகைக்குள் நுழைந்து, காத்திருக்கிறவர்களைத் தாண்டி, என் மேசையைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்து உள்ளே ஏழு பெண்கள். இரண்டு பேர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு. பெர்சியின் மாமியார் நடுநாயகமாக.

அவர் வந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் நான் சுற்றி நடந்தபோதுதான் பார்த்தேன். மண்ணைக் கூட்டாமல் அப்படியே விட்டு, மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், இங்க பாருங்க. நேத்து மத்தியானம் ஒருத்தர் வந்திருக்கார். பூட்ஸ் போட்டவர், வலது குதிகால் தேஞ்சிருக்கு. கதவு வரைக்கும் வந்து நின்னிருக்கார். திரும்பிட்டார். இதோ, தொட்டிகிட்ட நாலு தடவ போயிட்டுப் போயிட்டு வந்திருக்கார். மறுபடியும் கதவுகிட்ட வந்திருக்கார். மறுபடியும் திரும்பிட்டார். அப்புறம் ஓடியிருக்கார். பாருங்க, குதிகாலே பதியல. அந்த உடைஞ்ச லாரிக்குப் பின்னாடி வரைக்கும் ஓட்டந்தான். அதுக்கு மேல நான் போய்ப் பாக்கல."

மனிதர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார் உள்ள வரல?"

"உள்ள... லேடீஸ் இருந்தாங்க. ஒரு மாதிரி இருந்துச்சு."

"யாராவது வரக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல. எனக்கே கூச்சமா இருந்துச்சு."

"அவசரந்தானே?"

"ரொம்ப அவசரம்."

"எங்கம்மாவுக்கும் அவசரந்தான் சார். அவங்களையும் யாரும் வரக்கூடாதுன்னு சொல்லல. ஒன்பது தடவ வந்தாங்க."

அவர் காது சிவந்தது அப்போதுதான். அவர் திருப்பிக் கொண்டுவந்திருந்த கணக்கு நோட்டை நான் எடுத்தேன். "நாற்பத்தொண்ணோட நிக்குது. உங்களதயும் சேத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். என் கையிலிருந்து பேனாவை வாங்கி அவரே கோடு போட்டார். தன் அறிக்கையிலும் நாற்பத்திரண்டு என்றுதான் எழுதியிருக்கிறார். எனக்குப் படித்துக் காட்டினார்.

எதை விட்டுத்தருவது என்று நேற்று மரத்தடியில் கூட்டம். டவுன் டாக்டர் வந்தால் தங்குகிற அறை முதலில் போனது. அவர் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும். அது போதவில்லை. மிச்சம் இருந்தது ஊர் மன்றத்துக்கு என்று போட்டிருந்த ஏசி அறை. எல்லாரும் பெர்சியைப் பார்த்தார்கள். அந்த அறைக்கு என்ன நாற்காலி வாங்குவது என்பதுவரை மனிதர் முடிவு செய்து வைத்திருந்தார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அந்தக் குளுகுளு ரூம்ல உக்காந்து பேசறமாதிரி நெனச்சுப் பாத்துக்கிட்டேன். போகட்டும். எனக்கும் அந்த மேற்கு வாசல் வேணும். ஏன்னு கேக்காதீங்க" என்றார். கிளிஃபோர்ட் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனான்.

தாழ்வாரத்தை நம் ஆட்களே போடுவார்கள். அதையும் எழுதிக்கொண்டார் ஹார்ட்லி.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவர்கள் அனுப்பிய வரைபடத்திலேயே மேற்குச் சுவரில் ஒரு கதவை நான் பேனாவால் வரைந்து, பக்கத்தில் ஊரார் இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பென்சில் இல்லை. அழிக்க வராது. கதவோடு எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் பணத்தை வேறு ஊருக்குக் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடி கேட்போம். அதற்கடுத்த வருஷமும் கேட்போம்.

நோரீன்


ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
29 ஏப்ரல் 1991

அக்கா,

எடுத்துக்கொண்டார்கள். கதவோடு.

நாளைதான் கடைசி நாள். இன்று காலை பத்தரை மணிக்கு ஹார்ட்லி போன் செய்தார். மேலதிகாரிக்கு மண் கணக்கில் கடைசிவரை நம்பிக்கை வரவில்லையாம். "நாற்பத்திரண்டாவது ஆள் யாரு, அவர நேர்ல விசாரிக்க முடியுமா?" என்று கேட்டாராம். "விசாரிக்கலாம் சார், அது நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். எதற்காகக் கதவு வரை போனார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். கூட்டம் அதோடு முடிந்ததாம். உறையை அவர் பிரிக்கவில்லை, அக்கா. ஆனால் என்னிடம் இதைச் சொன்னபோது குரலே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு ஓடினேன். பெரியம்மாவிடம் சொன்னேன். ஒற்றைக் காலைக் கட்டிலிலிருந்து இறக்கி, அந்த ஊன்றுகோலை எடு என்று சாடை காட்டினாள். மூன்று வாரமாகத் தொடவே மாட்டேன் என்று சுவரில் சாய்த்து வைத்திருந்த தடி. இன்று சாயங்காலம் வரை முற்றத்தில் நடந்து பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். தூக்கப் போனால் என்னைத் தடியால் அடிக்க வந்தாள்.

நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். நீ "அடி" போட்டு எழுதியதை ஐந்து தடவை படித்தேன்.

ஜாய்லீன்


கர்லூ கிணறு
11 மார்ச் 1992, புதன்

அடி ஜாய்லீன்,

போன வியாழக்கிழமை நீ அம்மாவை விமானத்தில் ஏற்றிவிட்டு அழுதாயாம். "பதினோரு மாசம் என்கூட இருந்து என்னோட பழகிட்டா, பாவம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வயர்லெஸ் தேவையில்லை, அம்மாவே போதும்.

கட்டடம் நன்றாக இருக்கிறது. மேற்குக் கதவு மட்டும் கீழே இடிக்கிறது, கிளிஃபோர்ட் இழைத்துச் சரிசெய்கிறான். தாழ்வாரத்தில் ஒரு தூண் கோணல். அதைப் போட்டது பெர்சி, அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. மரத்தடியிலேயே கூட்டம் நடக்கிறது.

உன்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே இத்தனை மாதம் போய்விட்டது. தடத்தைப் பார்த்துவிட்டுக் கோடு மட்டும் போட்டவள் நான். உன்னை மன்னிக்க நான் யார்? இரண்டு பேரும் சேர்ந்து சுமப்போம். ஜூலையில் லீவு எடுத்துக்கொண்டு வா.

வெள்ளிக்கிழமை காலை கிளிஃபோர்ட் மேற்குப் பக்கம் ஒருவனுக்குக் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கட்டுத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடி தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அவன் பேச்சு நின்றது. அவனுக்கும் கேட்டிருக்கிறது. அவன் வெளியே போகவில்லை. போகவேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி பேச ஆரம்பித்தான். காலைச் சாய்த்துப் பிடி என்று அம்மா என்னை அதட்டினாள்.

மண்ணைக் கூட்டுவதை நான் நிறுத்தவில்லை. கணக்குக்கு இல்லை, கை பழகிவிட்டது. இன்று விடிந்ததும் கூட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன், பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். ஒரு வலது பாதம், பக்கத்தில் தடியின் வட்டக் குழி. பாதம், குழி, பாதம், குழி என்று தொட்டியைத் தாண்டி நேராக வருகிறது. எங்கேயும் நிற்கவில்லை. கிழக்கு வாசல் வரை தடம் இருக்கிறது. அதற்கு அப்புறம் சிமெண்ட் தரை.

நோரீன்